தீராத மர்மத்துக்கும் விடைத்தாள் வேண்டும்

தீராத மர்மங்களை வைத்துப் போட்டி நடத்துகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். தீராததையே கேள்வியாகக் கேட்டுவிடுவார்கள். தமிழ்நாடு-கேரள எல்லையில், ஓணத்துக்குப் பாறசாலைப் பக்கத்துக் கிரந்தசாலை என்கிற நூலகத்திலோ, கிறிஸ்துமஸுக்கு மார்த்தாண்டத்துப் பங்கு மண்டபத்திலோ மைக்கைப் பிடித்து, "திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் பூட்டிக் கிடக்கும் பி என்ற நிலவறைக்குள் என்ன இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். ஐந்து அணியிடமும் ஐந்து விடை இருக்கும். எதையும் தப்பு என்று சொல்ல உங்களுக்கு வழி இருக்காது. அதன் பிறகு நடப்பது போட்டி இல்லை, வாய்ச்சண்டை.

மர்மம் தீராததாக இருக்கலாம். கேள்வி அப்படி இருக்கக் கூடாது. தெரிந்ததும் தெரியாததும் உரசுகிற அந்த வரப்பில்தான் கேள்வியை நட வேண்டும். அதே பி அறையைப் பற்றி விடை உள்ள கேள்விகள் நிறைய உண்டு. 2011 ஜூன் கடைசியில் உச்ச நீதிமன்றம் அனுப்பிய குழு கணக்கெடுத்தபோது ஏ அறை திறந்தது, பி அறை திறக்கவில்லை. 2020 ஜூலை 13 தீர்ப்பு திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் நிர்வாக உரிமையை ஏற்றுக்கொண்டு, பி அறையைத் திறப்பதா வேண்டாமா என்பதைக் கோயில் குழுக்களின் முடிவுக்கே விட்டது. முன்னாள் தலைமைத் தணிக்கையாளர் வினோத் ராய் தன் அறிக்கையில் 1990-க்குப் பிறகு அந்த அறை ஏழு முறையாவது திறக்கப்பட்டிருக்கிறது என்று எழுதினார். திறந்தது முன்னறை மட்டும்தான் என்பது அரச குடும்பத்தின் பதில். "பி அறை எத்தனை முறை திறக்கப்பட்டது?" என்று கேட்டால் அடிதடி. "தணிக்கை அறிக்கை எத்தனை முறை என்கிறது?" என்று கேட்டால் ஒரே விடை. 'யார் சொன்னபடி' என்பதைக் கேள்விக்குள்ளேயே போட்டுவிட்டால் பாதித் தகராறு அங்கேயே தீர்ந்துவிடும். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற பாம்பு செதுக்கிய கதவுப் படத்தைத் தயவுசெய்து திரையில் போடாதீர்கள். அது அந்த அறையின் கதவுதான் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

சிந்துவெளி எழுத்துக்கும் இதே வைத்தியம்தான். மொத்தம் எத்தனை குறிகள் என்று கேட்டால் ஆய்வாளருக்கு ஆய்வாளர் கணக்கு மாறும். 1977-இல் வெளிவந்த ஐராவதம் மகாதேவனின் தொகுப்பின்படி எத்தனை என்று கேட்டால் 417. யாருக்கும் வாசிக்க வராத எழுத்தில் இருக்கிற வாய்னிச் கையெழுத்துப் பிரதி எப்போது எழுதப்பட்டது என்பதும் கெட்ட கேள்வி. கரிமச் சோதனை 1404-க்கும் 1438-க்கும் இடைப்பட்டது என்று காட்டியது அதன் தோல் தாள்களைத்தான். மையை அல்ல, எழுதிய கையையும் அல்ல. தோலின் காலத்தைக் கேளுங்கள். அல்லது அது இப்போது எந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது என்று கேளுங்கள்; யேல், 1969 முதல்.

அடுத்த தொல்லை, மர்மம் உங்களுக்குச் சொல்லாமல் தீர்ந்துபோவது. அமெரிக்காவில் சோடியாக் என்று பேர் வைத்துக்கொண்ட கொலைகாரன் 1969 நவம்பரில் அனுப்பிய 340 எழுத்துச் சங்கேதத்தை இன்னும் தீராதது என்று சொல்லும் பட்டியல்கள் இணையத்தில் ஏராளம். 2020 டிசம்பரிலேயே அது உடைந்துவிட்டது. அமெரிக்கர் ஒருவர், ஆஸ்திரேலியர் ஒருவர், பெல்ஜியக்காரர் ஒருவர், மூன்று பேர் சேர்ந்து உடைத்தார்கள். ஆள் யார் என்பது மட்டும் இன்றைக்கும் தெரியாது. அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வின் வளாகத்தில் 1990 முதல் நிற்கிற கிரிப்டோஸ் சிற்பத்தின் நாலாவது பகுதி, 97 எழுத்து, இதைவிட வழுக்கலான கேஸ். 2025-இல் அதன் மூலவாசகம் ஸ்மித்சோனியன் ஆவணக் காப்பகத்தில் கிடந்த தாள்களிலிருந்து இரண்டு பேர் கண்ணில் பட்டது. வாசகம் கிடைத்தது, பூட்டை உடைத்த வழி கிடைக்கவில்லை. இதை 'தீர்ந்தது' என்று எழுதுவதா, 'தீராதது' என்று எழுதுவதா? எழுதாமல் விடுவதே மேல். விடைத்தாளில் ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் கடைசியாகச் சரிபார்த்த மாதத்தைக் குறித்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு முந்தையது எதுவானாலும் மறுபடி பார்க்காமல் மேடைக்குக் கொண்டு போகாதீர்கள்.

இந்தத் தொல்லையையே ஒரு சுற்றாக மாற்றிவிடலாம். ஒவ்வொரு அணிக்கும் மூன்று அட்டை: 'தீர்ந்தது', 'தீரவில்லை', 'தீர்ந்தும் நம்ப மாட்டோம்'. பெயரைச் சொன்னதும் பத்து எண்ணுவதற்குள் அட்டையைத் தூக்க வேண்டும். சிரிப்பு வருவது மூன்றாவது அட்டையில். 2001 ஜூலையில் கோட்டயம் பக்கம் தொடங்கிய சிவப்பு மழை அதற்குச் சரியான சரக்கு. டிரென்டிபோலியா என்ற பாசியின் வித்துகள்தான் நிறத்துக்குக் காரணம் என்று ஆய்வு நிறுவனங்கள் அப்போதே சொல்லிவிட்டன. ஆகாயத்திலிருந்து வந்த உயிர் என்று இன்னமும் அடித்துப் பேசுகிறவர்கள் எல்லையின் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். 1971-இல் விமானத்தைக் கடத்தி 2,00,000 டாலரோடு பாராசூட்டில் குதித்தவன் 'தீரவில்லை' அட்டைக்கு. அவன் டிக்கெட்டில் கொடுத்த பெயர் டான் கூப்பர், டி.பி. கூப்பர் என்பது பத்திரிகைக்காரர்கள் கைதவறி ஒட்டிய பெயர். அட்டையைத் தூக்கிய பிறகு இந்த மாதிரி ஒரு துணுக்கைச் சொன்னால் தோற்ற அணியும் காது கொடுக்கும். பன்னிரண்டு பெயர் போதும். பதினைந்தைத் தாண்டினால் சலிப்பு தட்டும்.

ஆனால் காணாமல் போன உள்ளூர் ஆள், துப்பு துலங்காத உள்ளூர்க் கொலை, இவற்றைத் தொடவே வேண்டாம். மார்த்தாண்டத்தில் அரங்கில் உட்கார்ந்திருப்பவர் யாருக்கு என்ன உறவு என்று உங்களுக்குத் தெரியாது.

இனி எழுத்து. எல்லைப் பகுதியில் போட்டி வைக்கிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது, யாருக்கு எந்த எழுத்து தெரியும் என்பதை. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் படித்த பிள்ளைகள் உண்டு; களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் மலையாளத்தில் பேசி வெளுத்துக்கட்டுகிறவர்களுக்கு அதை எழுத்துக்கூட்டி வாசிக்க வராது. முழுக்கத் தமிழ் எழுத்துப் புதிராகப் போட்டால் ஒரு கூட்டம் கையைக் கட்டிக்கொண்டு உட்காரும். அணிகளைக் கலந்து பிரியுங்கள், ஐந்து பேரில் இரண்டு பேருக்காவது மற்ற எழுத்து தெரிந்திருக்கும்படி. பிறகு தமிழ் எழுத்தில் ஒரு சுற்று, மலையாள எழுத்து கைகொடுக்கும் ஒரு சுற்று, எழுத்தே வேண்டாத கணக்குச் சுற்று ஒன்று.

தமிழ்ச் சுற்றுக்கு இடப்பெயர்ச்சிச் சங்கேதம் நல்லது. 18 மெய்யை க் முதல் ன் வரை வரிசையாக எழுதி, ஒவ்வொரு மெய்யையும் குறிப்பிட்ட எண்ணிக்கை தள்ளிப் போடுவது; ன் தாண்டினால் மறுபடி க். உயிரைத் தொடாதீர்கள். உயிரையும் மெய்யையும் ஒன்றாகத் தள்ளினால் எழுதிய நீங்களே திரும்ப வாசிக்க முடியாது. நாலு தள்ளினால் இப்படி ஒரு சொல் வரும்: டுகிய்யுசை.

இதை உடைக்க மொத்தம் 17 சாத்தியம். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிற அணி தோற்கும். தமிழ் இலக்கணம் ஞாபகமுள்ள அணி ஜெயிக்கும். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன, ங என்று தமிழ்ச் சொல் தொடங்காது என்று வைத்துக்கொண்டால் முதலெழுத்தை வைத்தே எட்டு சாத்தியம் அடிபடும், ஒன்பது மிஞ்சும். அந்த முதலெழுத்தில் உகரம் ஏறியிருக்கிறது. வு, ஞு என்று சொல் தொடங்குவதில்லை, இரண்டு போயிற்று. நடுவில் ஒரு மெய் இரட்டித்திருக்கிறது. ர், ழ் இரட்டிக்காது என்பதால் இன்னொன்று கழியும். ஆறே ஆறு. அவற்றை எழுதிப் பார்த்தால் சுறிப்புகை, துசில்லுடை என்று உளறல்களுக்கு நடுவே குழித்துறை வந்து நிற்கும்.

நீளமான வாசகமானால் இன்னொரு பிடி உண்டு. ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்கிற ஆறு இணையிலும் மெல்லினம் வரிசையில் இரட்டை எண்ணில் நிற்கும், அதன் வல்லினம் அதற்கு நேர் முந்தின ஒற்றை எண்ணில் நிற்கும். எவ்வளவு தள்ளினாலும் அந்த 'ஒன்று குறைவு' அப்படியே இருக்கும். சங்கேதத்தில் புள்ளி வைத்த எழுத்தும் அதற்கு நேர் முந்தின எழுத்தும் அடுத்தடுத்து அடிக்கடி வந்தால், அந்தப் புள்ளி எழுத்து வரிசையில் எத்தனையாவது என்று பாருங்கள். ஒற்றை எண்ணானால் தள்ளியதும் ஒற்றை எண், இரட்டையானால் இரட்டை. பாதிச் சாத்தியம் ஒரே அடியில் போகும். இந்த அழகு ஆங்கில எழுத்துச் சங்கேதத்தில் கிடைக்காது. அதனால்தான் ஆங்கிலப் புத்தகத்திலிருந்து புதிரை எடுத்துத் தமிழ் எழுத்தை ஒட்டவைக்கிற வேலையைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

கெடுவது எங்கே? ஒன்று, புள்ளி. அச்சில் புள்ளி மங்கினால் புதிர் செத்தது. எழுத்தளவு 16 பாயின்ட்டுக்குக் குறையக் கூடாது, நகலின் நகலைக் கொடுக்கக் கூடாது. இரண்டு, ஙு, ஞெ போன்ற எழுத்து சில போன்களில் உடைந்து தெரியும். படமாக அனுப்புங்கள், தட்டச்சாக அனுப்பாதீர்கள். மூன்று, ஆர்வக்கோளாறு: தள்ளிவிட்டு அதன் மேல் வரிசையையும் கலைப்பது. சோடியாக்கின் 340 எழுத்துச் சங்கேதம் 51 வருடம் பிடிகொடுக்காமல் இருந்ததற்குக் காரணமே இதுதான். குறிகளையும் மாற்றி, வாசிக்கிற பாதையையும் மூலைவாட்டில் வளைத்திருந்தான், போதாதற்கு எழுத்துப்பிழை வேறு. ஒரு அடுக்கைச் சரியாக உரித்தாலும் உரித்தது தெரியாது, உளறல்தான் மிஞ்சும். பத்து நிமிஷச் சுற்றில் ஒரே அடுக்கு. அதற்கு மேல் வைக்கிறவருக்குத் தன் சாமர்த்தியம் முக்கியம், ஆடுகிறவர் முக்கியமில்லை.

மாலைமாற்று வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 'தேரு வருதே', 'மோரு போருமோ' மாதிரி முன்னும் பின்னும் ஒரே மாதிரி வாசிக்கிறதை எழுத்து எழுத்தாகத்தான் திருப்ப வேண்டும். கணினியில் திருப்பும் நிரல்கள் பல 'தே'யைத் தகரம், ஏகாரக் குறி என்று இரண்டாகப் பிய்த்துத் தலைகீழாக்கிக் குப்பையாகத் தரும். கையாலேயே செய்யுங்கள்.

மலையாள எழுத்து கைகொடுப்பது, எழுத்தை எண்ணாக மாற்றும் பழைய முறையான கடபயாதிச் சுற்றில். மலையாள வரிசையில் க முதல் ஒன்பது எழுத்துக்கு 1 முதல் 9, ட முதல் அதே மாதிரி, ப வரிசை ஐந்துக்கு 1 முதல் 5, ய முதல் மறுபடி 1. ஞ, ந இரண்டும், தனி உயிரும் சுழி. எண்ணை வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும். எல்லோருக்கும் பழக்கமான சரக்கு, கர்நாடக இசையின் தாய் ராகங்களான மேளகர்த்தா ராகங்கள்: முதல் இரண்டு எழுத்தை எண்ணாக்கித் திருப்பினால் ராகத்தின் வரிசை எண். மேசகல்யாணி, மே 5, ச 6, திருப்பினால் 65. மாயாமாளவகௌளை 15.

இங்கே தமிழ்த் தாள் காலை வாரும். கீரவாணி 21, கரஹரப்பிரியா 22. தமிழில் எழுதினால் இரண்டும் ககர வரிசையிலேயே தொடங்கும், இரண்டுக்கும் 21-தான் வரும். மலையாளத்தில் கரஹரப்பிரியாவின் முதலெழுத்து இரண்டாவது ககரம், அதற்கு 2. ஆகவே கேள்வியை மலையாள எழுத்தில் அச்சடியுங்கள். இல்லாவிட்டால் ஹனுமத்தோடி, ஹரிகாம்போஜி என்று குழப்பமில்லாத பெயர்களாகப் பொறுக்குங்கள். கூட்டெழுத்து வந்தால் கடைசி மெய்க்குத்தான் மதிப்பு என்பது பொது விதி. மலையாளத்தில் 'க்ர' என்ற கூட்டெழுத்தை இரண்டாவதாகக் கொண்ட சக்கரவாகம் அந்த விதிக்கு அடங்காது. ரகரத்தை எடுத்தால் 62 வரும். ககரத்தை எடுத்தால்தான் உண்மையான எண்ணான 16. விதிவிலக்கைக் கேள்வியாக வைத்துவிட்டு, விதியைப் படித்து வந்தவரைத் தோற்கடிப்பது நியாயமில்லை.

கணக்குச் சுற்றுக்கு வெளிநாடு போக வேண்டாம். குமரி மாவட்டத்தில் முன்சிறைக்குப் பக்கத்தில் பார்த்திவபுரம் கோயில் இருக்கிறது. அதைக் கட்டிய ஆய் மன்னன் கருநந்தடக்கனின் செப்பேடு தன் தேதியை ஆண்டாகச் சொல்லவில்லை, கலி நாளாகச் சொல்கிறது: 14,49,087-ஆவது நாள். கலியுகம் தொடங்கியது கி.மு. 3102 பிப்ரவரி 18. ஆண்டு என்ன? தாள், பேனா, ஐந்து நிமிஷம், போன் கிடையாது.

மூன்று விதமான விடை வரும். 365-ஆல் வகுத்தவர் 869 என்பார். நாலு வருஷத்துக்கு ஒரு மிகுநாளை விட்டதில் மூன்று வருஷம் கூடிப்போயிருக்கும். 365.25-ஆல் வகுத்தவருக்கு 3,967 வருஷம் போக 140 நாள் மிஞ்சும். 3,967-லிருந்து 3,102-ஐக் கழித்து 865 என்று நிறுத்துவார். கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1, நடுவில் சுழி ஆண்டு கிடையாது என்று ஞாபகம் உள்ளவர் மட்டும் 866-க்கு வருவார். பிப்ரவரி 18-லிருந்து 140 நாள் எண்ணி ஜூலை 8 வரைக்கும் போய்ச் சேருகிற அணிக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுங்கள். 865-க்கும் பாதி மதிப்பெண் தரலாம், 869-க்கு வேண்டாம். இவ்வளவு நல்ல புதிரைச் செப்பேட்டிலேயே வைத்துக்கொண்டு, ஊர்க்காரர்கள் பெர்முடா முக்கோணத்தைப் பற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அது கடினம் என்றால் கேரளத்து ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டு. ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய 824 கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா நாட்டைப் பத்மநாபனுக்கு எழுதிக்கொடுத்த திருப்படித்தானம் கொல்லம் 925 மகர மாதம், அதாவது தை; கி.பி. எத்தனை? 1749 என்பவர்கள் மாதத்தைக் கவனிக்காதவர்கள். சரியான விடை 1750.

படச் சுற்றைச் சுருக்கமாக முடியுங்கள். ஒரு படம் கட்டாயம் இருக்கட்டும்: புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கும் டிலனாயின் கல்லறை. குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான டச்சுக் கம்பெனிப் படைக்காரர், 1777-இல் இறந்தவர். கல்லறையில் எழுதியிருப்பது எந்த இரண்டு மொழியில்? டச்சும் மலையாளமும் என்று அநேகமாக எல்லா அணியும் எழுதும். லத்தீனும் தமிழும்.

கடைசிச் சுற்றுக்கு முந்தின விடைகளையே தீனியாக்குங்கள். நம் சித்திரகவியில் கூடசதுர்த்தம் என்று ஒரு வகை உண்டு. நாலாம் அடியின் எழுத்தெல்லாம் முதல் மூன்று அடிக்குள் ஒளிந்திருக்கும். அதே உத்திதான். முடிவுச் சொல்லை முதலில் எடுத்துக்கொண்டு பின்னோக்கிக் கட்ட வேண்டும். குளச்சல் என்றால் ஐந்து எழுத்து. அன்றைய விடைகளில் குழித்துறையின் 1-ஆவது, விளவங்கோட்டின் 2-ஆவது, பேச்சிப்பாறையின் 2-ஆவது, சபரிமலையின் 1-ஆவது, சிதறாலின் 4-ஆவது. புள்ளி எழுத்தையும் ஒன்றாக எண்ண வேண்டும் என்பதைத் தாளிலேயே அச்சடித்துவிடுங்கள். அதைச் சொல்லாமல் விட்டுத்தான் பலர் கடைசி நிமிஷத்தில் கூச்சல் வாங்குகிறார்கள். விடை ஒன்று தவறிய அணியும் நாலு எழுத்தை வைத்து ஐந்தாவதை ஊகிக்க முடிய வேண்டும். மூன்றெழுத்துச் சொல்லை முடிவாக வைத்தால் அந்த வசதி இருக்காது, ஏழெழுத்தானால் நேரம் போதாது.

நடத்தும் முறை பற்றிச் சில விஷயம். அணிக்கு ஐந்து பேர் சரி. ஏழானால் இரண்டு பேர் வேலை செய்வார்கள், ஐந்து பேர் ஏத்தங்காய் வத்தல் தின்பார்கள். இரண்டு பேருக்கு ஒரு தாள் கொடுங்கள், அணிக்கு ஒரு தாள் என்றால் எழுதத் தெரிந்தவர் மடியை விட்டு அது நகராது. ஒவ்வொரு புதிரையும் அதைப் பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து நேரம் பாருங்கள். அவர் நாலு நிமிஷத்தில் முடித்தால் அரங்கில் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். சத்தம், மின்விசிறியில் பறக்கும் தாள், கூட இருக்கிறவரின் அபிப்பிராயம், எல்லாம் நேரத்தைத் தின்னும். துப்பு கேட்டால் மதிப்பெண்ணில் கால்பங்கு கழியட்டும், ஆனால் துப்பை முன்கூட்டியே எழுதி உறையில் போட்டு வையுங்கள். மேடையில் நின்று வாய்க்கு வந்தபடி துப்பு சொன்னால் ஒரு அணிக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லிவிடுவீர்கள், மற்றவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

ஆட்சேபம் எழுதித்தான் வர வேண்டும், சுற்று முடிந்த மூன்று நிமிஷத்துக்குள். விடைத்தாளில் இல்லாத விடைக்கு ஆதாரம் காட்டினால், அந்தக் கேள்வியை எல்லா அணிக்கும் ரத்து செய்துவிட்டு நகருங்கள். ஒருவருக்கு மட்டும் மதிப்பெண் ஏற்றாதீர்கள். சமநிலையில் முடிந்தால் மேடையில் 'கஎசக' என்று எழுதிப் பிடியுங்கள். தமிழ் எண்களில் க ஒன்று, எ ஏழு, ச நாலு. குளச்சல் போர் நடந்த ஆண்டான 1741 என்று முதலில் கத்துகிற அணிக்கு முந்திரிக்கொத்துப் பொட்டலம்.